நரம்பில் ஓடும் மின்சாரமும் நம் பாதங்களும்



மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்பது வழக்கம். தலப்பெருமையையும் திருவிழாச் சிறப்பையும் எழுதத் தகுந்தவர்கள் நம் குழுவில் பலர் இருக்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான் இம்முறை நரம்பைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். காலணியை வெளியே கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலுடன் நடக்கின்ற நமக்கு இது எவ்வளவு வேண்டிய செய்தி என்பது போகப்போக விளங்கும்.

நரம்பு என்றதும் சுவருக்குள் ஓடும் மின்கம்பியை நினைத்துக்கொள்பவர்களே அதிகம். மூளை மின்நிலையம், நரம்புகள் கம்பிகள், கைகால்கள் விளக்குகள்! என் மாணவர்களும் தேர்வில் இப்படித்தான் எழுதுவார்கள். பாதி மதிப்பெண் கொடுப்பேன். மின்சாரம் என்பது சரி, கம்பி என்பதுதான் சரியில்லை. கம்பியில் அனுப்பும் மின்செய்தி ஈப்போவில் புறப்பட்டால் கண் இமைப்பதற்குள் கோலாலம்பூரை அடைந்துவிடும். நரம்பின் செய்திக்கு அந்த வேகம் கிடையாது.

ஒரு காலத்தில் அறிஞர்களே இதை அறிந்திருக்கவில்லை. ஜெர்மனியின் பெயர்பெற்ற உடலியல் பேராசிரியர் யோகன்னஸ் முல்லர், நரம்புச் செய்தியின் வேகத்தை அளப்பது இயலாத காரியம் என்றே கருதினார். அவரிடம் பயின்ற ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஆம் ஆண்டில் தவளையின் கால் நரம்பை வைத்து அதை அளந்தே காட்டிவிட்டார். விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். மணிக்குக் கணக்கிட்டால் 97 கிலோமீட்டர்தான். நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் வாகனங்களுக்கு அனுமதித்திருக்கும் 110 கிலோமீட்டரைவிடக் குறைவு. ஆசிரியரை மிஞ்சிய மாணவர் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மனித உடம்பில் எல்லா நரம்பிழைகளும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. தடித்த இழைகள் விநாடிக்கு 100 மீட்டர் வரையிலும் செய்தி அனுப்பும். எரிச்சலையும் மந்தமான வலியையும் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளோ விநாடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் பிராகாரத்தைச் சுற்றிவரும் மெதுநடை வேகம். கால்விரலை நிலைப்படியில் இடித்துக்கொண்ட அனுபவம் எல்லாருக்கும் உண்டு. முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. சற்றே தாமதித்து 'விண் விண்' என்று இன்னொரு வலி. இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டவைதாம். ஒன்று விரைவுப் பாதையில் வந்தது, மற்றது நடந்து வந்தது.

உப்பும் இளநீரும்

இனி, இந்த மின்சாரம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பில் மின்கலமும் இல்லை, சுழலியும் இல்லை. இருப்பது உப்பு.

நரம்பணுவுக்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீரில், நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் உப்பில் உள்ள சோடியம் மிகுந்திருக்கிறது. அணுவுக்கு உள்ளேயோ, இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ளதே, அந்தப் பொட்டாசியம் மிகுந்திருக்கிறது. வெளியே கடல், உள்ளே இளநீர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்து நிற்பது ஒரு மெல்லிய கொழுப்புச் சவ்வு. ஒரு மில்லிமீட்டரை 2 இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அதுதான் அதன் கனம்.

இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிலைத்திருப்பதில்லை. சவ்வில் பதிந்திருக்கும் கோடிக்கணக்கான சிறு இறைப்பான்கள் இரவு பகலாக வேலை செய்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. டென்மார்க் நாட்டு அறிஞர் யென்ஸ் ஸ்கோ நண்டின் நரம்பை ஆராய்ந்து 1957-இல் இதைக் கண்டறிந்தார். அதற்கான நோபல் பரிசு 40 ஆண்டுகள் கழித்து, 1997-இல்தான் அவரைத் தேடி வந்தது. நம் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதும் உடம்பின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. அதில் கணிசமான பகுதி இந்த இறைப்பு வேலைக்கே போகிறது. நரம்பு என்பது பராமரிப்புச் செலவு மிகுந்த உறுப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

உள்ளேயிருக்கும் பொட்டாசியத்தில் சிறிது எப்போதும் வெளியே கசிகிறது. அது நேர்மின்னேற்றம் உடையது. அது வெளியேற வெளியேற உள்பக்கம் எதிர்மின் நிலைக்கு வருகிறது. இவ்வாறு சும்மா இருக்கும் நரம்பணுவின் உள்ளே, வெளிப்புறத்தோடு ஒப்பிட்டால், சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். கைவிளக்கில் போடும் மின்கலத்தில் இருபதில் ஒரு பங்கு. அணை கட்டித் தேக்கிய நீரைப்போல இது எந்நேரமும் திறக்கக் காத்திருக்கிறது.

சவ்வில் சோடியத்துக்கென்று தனிக் கதவுகள் உண்டு. காலில் முள் குத்துகிறது என்று கொள்வோம். அந்த அழுத்தத்தால் நரம்பு நுனியில் மின்நிலை சற்றே உயர்கிறது. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் சோடியக் கதவுகள் படபடவென்று திறக்கின்றன. வெளியே தேங்கிநின்ற சோடியம் உள்ளே பாய்கிறது. உள்பக்கம் எதிர்மின்னிலிருந்து நேர்மின்னாக மாறி, 30, 40 மில்லிவோல்ட் வரை ஏறிவிடுகிறது. உடனே சோடியக் கதவுகள் தாமாகவே அடைத்துக்கொள்ள, பொட்டாசியக் கதவுகள் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேறுகிறது. உள்பக்கம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இத்தனையும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்தில் நடந்துமுடிகின்றன.

ஓரிடத்தில் ஏற்பட்ட இந்த மாற்றம் அடுத்த இடத்தின் மின்நிலையையும் உயர்த்துகிறது. அங்குள்ள கதவுகளும் திறக்கின்றன. பிறகு அதற்கடுத்த இடம். திருக்கார்த்திகையன்று அகல்விளக்குகளை வரிசையாக வைத்து, ஒன்றின் சுடரால் அடுத்ததை ஏற்றிச் செல்வதைப் போன்றது இது. முதல் விளக்கின் எண்ணெய் நூறாவது விளக்குக்குப் போவதில்லை. ஒவ்வொரு விளக்கும் தன் எண்ணெயில் தானே எரிகிறது. ஆகவேதான் நூறாவது சுடரும் முதல் சுடரின் அளவே ஒளி வீசுகிறது. கால்விரலில் கிளம்பிய துடிப்பும் இப்படியே, வழியில் தேயாமல் முதுகுத்தண்டை அடைகிறது. எரிந்த விளக்கு அடுத்த சுற்றுக்கு எண்ணெய் நிரம்பும்வரை மீண்டும் பற்றாது அல்லவா? அதுபோல் துடித்து முடித்த இடம் சில கணம் துடிக்காது. அதனால் செய்தி பின்னோக்கித் திரும்புவதில்லை.

பெரிய வலிக்குப் பெரிய துடிப்பு, சிறிய வலிக்குச் சிறிய துடிப்பு என்று எண்ணவேண்டாம். துடிப்பு எப்போதும் ஒரே அளவுதான். மெல்லத் தொட்டால் விநாடிக்குச் சில துடிப்புகள். சுடுதார் மேல் கால் வைத்தால் பல இழைகளிலிருந்து மளமளவென்று பல துடிப்புகள். எத்தனை இழை, எவ்வளவு அடுக்கடுக்காக என்பதைக் கொண்டே மூளை அளந்துகொள்கிறது.

கணவாய் கற்பித்த பாடம்

இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்காமல் எப்படி அறிந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாம் 'சோத்தோங்' என்று மலாய்ப் பெயராலேயே சொல்லிப் பழகிவிட்ட கணவாய்தான் உதவியது. (சைவ அன்பர்கள் பொறுத்தருள்க.) ஆபத்து வந்தால் நீரைப் பீச்சியடித்துப் பாய்வதற்காக அதன் உடலில் மிகத் தடித்த நரம்பிழை ஒன்று உண்டு, அரை மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட கனம். இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக்கூடத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் இருவர் 1939-இல் அந்த இழைக்குள் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி உள்ளிருக்கும் மின்நிலையை நேரடியாக அளந்தனர். துடிப்பின்போது மின்நிலை சுழியத்தோடு நிற்கும் என்று அந்நாளில் எதிர்பார்த்திருந்தார்கள். அது சுழியத்தையும் தாண்டி மேலே போனது. ஏன் என்று ஆராய்வதற்குள் உலகப்போர் மூண்டுவிட்டது. ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு இருவரும் போர்ப்பணிக்குச் சென்றனர்.

போர் முடிந்து திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 1952-இல் கதவுகள் திறந்து மூடும் கணக்கை முழுமையாக வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது பயன்பாட்டுக்குக் கிடைக்காததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியை வாரக்கணக்கில் சுற்றிச் சுற்றியே அந்தக் கணக்கைப் போட்டார். 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதவுகளின் அருமை, அவை பழுதுபடும்போது தெரியும். பேத்தை மீனின் நஞ்சு சோடியக் கதவின் வாயை அடைத்துவிடுகிறது. துடிப்பு நின்றுபோய், மூச்சுக்குரிய தசைகள் செயலற்று, உண்டவர் இறக்கிறார். நம் நாட்டிலும் இவ்வாறு உயிரிழந்தவர்கள் உண்டு. பல் மருத்துவர் போடும் மரமரப்பு ஊசியும் அதே கதவைத்தான் அடைக்கிறது. ஆனால் ஓரிடத்தில், ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும். இதற்கு மாறாக, நாம் மாலையில் ஏற்றிவைக்கும் கொசுவத்திச் சுருளின் மருந்து கொசுவின் சோடியக் கதவுகளை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துக் கொசு விழுகிறது.

விரைவு ரயிலும் ஒரு சிறு ஓடையும்

மெல்லிய இழையில் அடுத்தடுத்த விளக்கை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதால்தான் செய்தி மெதுவாகச் செல்கிறது. விரைவு இழைகளுக்கு இயற்கை வேறொரு வழி செய்திருக்கிறது. அவற்றைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை வாழைமட்டை போல அடுக்கடுக்காகப் பொதிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு தடவையோ அதற்கும் முன்போ மட்டும் சிறு இடைவெளி. அந்த இடைவெளிகளில்தான் கதவுகள் உள்ளன. எல்லா நிலையத்திலும் நிற்கும் கொமுட்டர் வண்டிக்கும், முக்கிய நிலையங்களில் மட்டும் நின்று பறக்கும் விரைவு ரயிலுக்கும் உள்ள வேறுபாடு இது. உறை சிதைந்தால் விரைவு ரயில் நடுவழியில் நிற்கும்.

ஒரு நரம்பணு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், பெரும்பாலும், மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. மின்துடிப்பு அந்த ஓடையைத் தாண்டுவதில்லை. கரையில் ஓர் இரசாயனத்தை இறக்கிவிடுகிறது. அது மறுகரை சேர்ந்து அங்கே புதுத் துடிப்பை எழுப்புகிறது. ஆஸ்திரிய நாட்டில் பணியாற்றிய ஓட்டோ லோவி இதைத் தவளை இதயங்களைக் கொண்டு 1921-இல் மெய்ப்பித்தார். அந்தச் சோதனை முறை கனவில் தோன்றியதாகவும், முதல்நாள் இரவு அரைத்தூக்கத்தில் எழுதிவைத்த குறிப்பு காலையில் படிக்கமுடியாமல் போகவே, மறுநாள் இரவு அதே எண்ணம் திரும்ப வந்ததும் எழுந்து ஆய்வுக்கூடத்துக்கே ஓடியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

பாதத்தின் செய்தி வராவிட்டால்

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். பெருவிரல் நுனியில் முடியும் நரம்பிழை எங்கிருந்து புறப்படுகிறது தெரியுமா? அந்த நரம்பணுவின் உடல் இடுப்புக்கருகே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அணுவுடல் ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவு என்று கற்பனை செய்தால், அதன் இழை முக்கால் கிலோமீட்டருக்கு நீளும்! இழைக்கு வேண்டிய கதவுகளும் இறைப்பான்களும் பெரும்பாலும் அணுவுடலில் உருவாகி அனுப்பப்படுகின்றன. மிக விரைவாகச் செல்லும் சரக்கும் பாதம் சேர இரண்டு மூன்று நாளாகும்.

இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நரம்பிழையையும் கெடுக்கிறது. அதற்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. பராமரிப்புச் செலவு மிகுந்த உறுப்பு என்றேன் அல்லவா? நீளமான இழைக்கே முதலில் தட்டுப்பாடு வருகிறது. ஆகவேதான் மரமரப்பு இரு கால்விரல்களிலும் தொடங்கி, காலுறை ஏறுவதுபோல் மேலே ஏறுகிறது.

முதலில் உணர்வு போவதற்குப் பதிலாக எரிச்சலே வரலாம். பழுதுபட்ட இழை, யாரும் தொடாமலே தானாகத் துடிக்கும். இரவில் பாதம் எரிகிறது, எறும்பு ஊர்கிறது என்பார்கள். சில ஆண்டு சென்றதும் எரிச்சல் நிற்கும். 'அந்த எண்ணெய் தேய்த்தேன், நின்றுவிட்டது' என்று மகிழ்ச்சியோடு சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வராமல் எரிச்சல் மட்டும் நின்றால், இழை குணமாகவில்லை, ஓய்ந்துபோயிற்று என்றே ஐயப்படவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூச ஊர்வலத்தில் ஒரு பெரியவர் பால்குடம் எடுத்துவந்தார். முற்பகல் பதினொரு மணி வெயில், தார்ச்சாலை கொதித்தது. இளைஞர்களே நிழல் தேடித் தாவித்தாவி நடந்தார்கள். அவர் மட்டும் ஆற அமர நடந்துவந்து நேர்த்திக்கடனை முடித்தார். திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தோம். இரு உள்ளங்கால்களிலும் தோல் உரிந்து தொங்கியது. "முருகன் தாங்கிட்டான், வாத்தியாரே. ஒண்ணுமே தெரியல" என்றார். சுற்றிநின்றவர்கள் கைகூப்பினார்கள். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக இனிப்பு நீர். காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடுவரை நடந்துபோயிருக்கிறார் என்று அவர் மகள் பிறகு சொன்னார். புண் ஆற ஏழு மாதமாயிற்று. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பக்தியினால் வலி தணிவதை நான் மறுக்கவில்லை. அதற்கும் நரம்பிலேயே வழி இருக்கிறது. வலிச்செய்தி முதுகுத்தண்டில் நுழையும் இடத்தில் ஒரு வாயில் உள்ளது, மூளை அதைச் சாத்தவும் கூடும் என்ற கருத்தை மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் முன்வைத்தனர். மூளை தானே சுரக்கும் வலியடக்கிப் பொருளை ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1975-இல் கண்டறிந்தார்கள். மன ஒருமையுடன் காவடி ஏந்துபவரின் நரம்பு நன்றாகவே இருக்கிறது. செய்தி புறப்படுகிறது, மேலே அதன் குரல் தாழ்த்தப்படுகிறது. அந்தப் பெரியவரின் பாதத்திலோ செய்தியே புறப்படவில்லை. இரண்டையும் அடையாளம் காண்பது எளிது. காவடி இறக்கியவருக்கு மறுநாள் காலையில் உடம்பெல்லாம் வலிக்கும். பெரியவருக்கு மறுநாள் மருத்துவமனையில் புண்ணைச் சுரண்டிக் கட்டியபோதும் ஒன்றும் தெரியவில்லை.

இவர் ஒருவரின் கதை என்று விட்டுவிட முடியாது. நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் இரத்தச் சர்க்கரை மிகுந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியரிடையே மிக அதிகம். நம் பந்தியில் பரிமாறும் கேசரியின் அளவைப் பற்றி நான் குழுக் கூட்டங்களில் பேசுவது சிலருக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

மரமரப்பு என்றாலே இனிப்பு நீர்தான் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. பி12 உயிர்ச்சத்துக் குறைவும் நரம்பின் கொழுப்புறையைக் கெடுக்கும். பால், தயிரையும் விலக்கிய கடும் சைவ உணவினருக்கும், இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவர்களுக்கும் இக்குறைவு வரக்கூடும். இது ஊசியிலோ மாத்திரையிலோ ஈடுசெய்யக் கூடியது; நாள் கடத்தினால்தான் கேடு.

அறுபட்ட நரம்பிழை திரும்ப வளர்ந்தாலும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். ஆகையால் இருப்பதைக் காப்பதே வழி. இனிப்பு நீர் உள்ளவர்கள் இரவு படுக்குமுன் உள்ளங்காலை ஒரு கண்ணாடியில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். குளிக்கும் வெந்நீரைக் காலால் சோதிக்காமல் முழங்கையால் சோதியுங்கள். ஊர்வலத்துக்கு வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணிந்து வலம்வர நம் ஆலயத்தில் தடை ஏதும் இல்லை. தலைமை அர்ச்சகரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தைச் சோதிக்கும்படி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொடுவார். தொட்டது தெரியும்போது 'ஆம்' என்று சொல்லவேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஊசி இல்லை, வலி இல்லை. தெரியாத இடத்தில் ஊகித்து 'ஆம்' சொல்லிவிடாதீர்கள். இது பள்ளித் தேர்வு அன்று.